வீட்டுக் கடன் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் எதில் கையெழுத்துப் போடலாம்?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் பக்கம் ஒரு பேரூராட்சியில் மாமியார் பெயரில் மூன்று சென்ட் மனை இருக்கிறது. கணவர் கொத்தனார். மாதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அளவுக்கு வருமானம், சம்பளச் சீட்டு கிடையாது. குடும்பம் வாடகை வீட்டில் இருக்கிறது. 'லோன் கன்சல்டன்ட்' என்று ஒருவர் வந்து, பன்னிரண்டு லட்சம் வீட்டுக் கடனும் 2.67 லட்சம் அரசு மானியமும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதற்கு 18,000 ரூபாய் 'ஃபைல் சார்ஜ்', கூடவே கையெழுத்திட்ட இரண்டு காசோலைகள் கேட்கிறார். இது முதல் விஷயம். இரண்டாவது, கணவரின் அண்ணன் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் வாங்கிய கடனில் நான்கு தவணை நின்றுபோய் நோட்டீஸ் வந்திருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் பாக்கி முழுவதையும் தானே கட்டிவிடுவதாகவும், வீட்டைத் தன் பெயருக்குக் கிரயம் செய்து கொடுத்தால் இரண்டு வருடத்தில் பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருவதாகவும் சொல்கிறார். இரண்டையும் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை இல்லை. முதல் ஆளிடம் ஏமாந்தால் பணம் போகும், அலைச்சல் வரும். இரண்டாவது ஆளிடம் ஏமாந்தால் வீடு போகும், அதுவும் சட்டப்படி, சார்பதிவாளர் முன்னிலையில், உங்கள் கையெழுத்தோடும் கைரேகையோடும் போகும். வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மக்கள் தொலைபேசியில் வரும் திருடனுக்குப் பயப்படுகிறார்கள், பத்திர எழுத்தர் கடையில் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பவரை நம்பிவிடுகிறார்கள். அண்ணன் விஷயத்தில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

'கிரயம் எழுதிக் கொடு, பிறகு திருப்பி எழுதித் தருகிறேன்' என்பது நம் ஊரில் புதிதில்லை. கடனுக்கு ஈடாக வீட்டை வைப்பது என்றால் அதற்கு அடமானப் பத்திரம் இருக்கிறது. கிரயப் பத்திரம் என்பது விற்பனை. அதில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை' என்று எழுதியிருக்கும். திருப்பித் தருவதாகச் சொன்ன பேச்சு அந்தத் தாளில் எங்கும் இருக்காது. சொத்து மாற்றுச் சட்டம் 1882இல் 58ஆவது பிரிவு, நிபந்தனைக் கிரயத்தின் பேரில் அடமானம் என்று ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பணம் கட்டினால் சொத்து திரும்பும் என்ற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது அடமானமாகக் கருதப்படும். தனியாக இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'மறுகிரய ஒப்பந்தம்' என்று எழுதி வைத்துக்கொண்டால், கிரயம் அடமானமாகிவிடாது. பத்திரத்துக்கு மாறாக வாய்ப்பேச்சை நிரூபிப்பது நீதிமன்றத்தில் எவ்வளவு கடினம் என்பதை எந்த உரிமையியல் வழக்கறிஞரும் சொல்வார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டின் வழிகாட்டி மதிப்புப்படி இருபது லட்சம் என்றால், போகும்போது 1.80 லட்சம், திரும்பி வரும்போது அதே போல இன்னொரு 1.80 லட்சம். இவ்வளவையும் யார் கட்டப்போகிறார்கள் என்று அந்த உள்ளூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே அவர் திருப்பி எழுதித்தரும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று பாதி தெரிந்துவிடும். 'கிரயம் வேண்டாம், பவர் மட்டும் கொடு' என்று மாற்றிப் பேசினால் அதற்கும் இணங்க வேண்டாம். விற்கும் அதிகாரத்தோடு கூடிய பொது அதிகாரப் பத்திரம் ஒன்று கையில் இருந்தால், அவர் உங்கள் கணவரின் அண்ணனைக் கேட்காமலேயே மூன்றாவது ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியும்.

சரி, நோட்டீஸை என்ன செய்வது? அதை எடுத்து முதலில் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் (நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தை எடுத்து ஏலத்தில் விற்க வழி செய்யும் சட்டம்) 13(2) பிரிவில் நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீஸ் அறுபது நாள் அவகாசம் தருகிறது. அந்த அறுபது நாளில் அண்ணன் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், நிறுவனம் பதினைந்து நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் வெட்கத்தாலோ பயத்தாலோ இந்த அறுபது நாளையும் நோட்டீஸைப் பீரோவில் பூட்டி வைத்தே கழித்துவிடுகின்றன. நிறுவனத்திடம் பேரம் பேச இதைவிட நல்ல காலம் பிறகு வராது.

அறுபது நாள் முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் 13(4)இன்கீழ் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதை இரண்டு நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும். கடன்காரர் பெயர், முகவரி, பாக்கித்தொகை, சொத்தின் நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கும். 'ஏலத்தை நிறுத்தித் தருகிறேன்', 'எனக்குத் தலைமை அலுவலகத்தில் ஆள் தெரியும்' என்று வருபவர்கள் அந்த விளம்பரத்தைப் படித்துத்தான் வருகிறார்கள். மந்திரம் எதுவும் அவர்களிடம் கிடையாது. ஏலத்துக்குத் தடை வேண்டுமென்றால் சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் மூன்று தீர்ப்பாயங்களும், கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்றும் இருக்கின்றன. மனுவை வழக்கறிஞர் போடுவார், புரோக்கர் போட முடியாது.

கடைசி நேரத்தில் பணம் புரட்டிக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டாம். 2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மொத்தப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. ஏல நாள் வரை அவகாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

ஆகவே அண்ணன் செய்ய வேண்டியது: கிளைக்கு நேரில் போய்க் கணக்கு அறிக்கை கேட்க வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். 2024 முதல் அபராதத்தை வட்டியாகச் சேர்த்து அதன்மேல் மறுபடி வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அறிக்கையில் அப்படிப் போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். வேலை போனது, உடம்பு முடியாமல் போனது என்று எதனால் தவணை நின்றது என்பதை ஆதாரத்தோடு எழுதி, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கும்படி மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் கட்ட முடியாது என்ற நிலை என்றால், நிறுவனத்தின் சம்மதத்தோடு அண்ணனே வெளிச்சந்தையில் வீட்டை விற்றுக் கடனை அடைப்பதுதான் மரியாதையான வழி. ஏலத்தில் போகும் விலையைவிட அது பெரும்பாலும் நல்ல விலையாக இருக்கும், மிச்சமும் கைக்கு வரும். இதைச் சொன்னால் என்மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனாலும் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று கந்துவட்டிக்கு வாங்கி இரண்டு தவணை கட்டி, மூன்றாவது தவணைக்கு வீட்டையும் கந்துவட்டிக்காரரையும் சேர்த்துச் சமாளிக்கும் நிலை வருவதைவிட இது மேல்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடன் உங்கள் ஓரகத்தி பெயரிலும் சேர்ந்து இருக்கிறதென்றால் அவரே மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். வசூல் முகவர்கள் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது, உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் மிரட்டக் கூடாது. அப்படி நடந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் தீராவிட்டால், வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதன் உதவி எண் 14448. வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் புகார் போக வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் தவறான இடத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

இனி உங்கள் வீட்டு விஷயம்.

அந்தக் கன்சல்டன்ட் சொன்ன தொகையே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. 2.67 லட்சம் என்பது பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் பழைய வட்டி மானியத்தில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு இருந்த உச்சத் தொகை. ஆறு லட்சம் கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம் என்று கணக்கிட்டு வந்த எண் அது. அந்த மானியம் நடுத்தர வருவாய்ப் பிரிவுக்கு 2021 மார்ச் 31ஆம் தேதியோடும் மற்றவர்களுக்கு 2022 மார்ச் 31ஆம் தேதியோடும் முடிந்துவிட்டது. இன்றும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இப்போது இருப்பது 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். இதில் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, சொந்த மனை வைத்திருப்பவர் தானே வீடு கட்டிக்கொள்ள உதவித்தொகை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தால் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து 2.50 லட்சம் வரை, கட்டுமானம் ஏற ஏறப் பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் வரும். இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று வட்டி மானியம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் எட்டு லட்சத்துக்கு 4 சதவீத மானியம், மொத்தம் அதிகபட்சம் 1.80 லட்சம். அதையும் ஒரேயடியாகத் தரமாட்டார்கள். ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்குக்கே வரும், கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். 'மானியத்தை முன்கூட்டியே கையில் வாங்கித் தருகிறேன்' என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இரண்டுக்கும் பொது நிபந்தனை, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. மாமியார் இந்தக் கணக்கில் தனிக் குடும்பம்.

உங்கள் கணவரின் ஆண்டு வருமானம் சரியாக மூன்று லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஆகவே முதலில் பேரூராட்சி அலுவலகத்தில் அந்த 2.50 லட்சத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் நடத்துகிறது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கித் தருகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றுவது சென்னையில் தீராத ஒரு வியாதி. போலி ஒதுக்கீட்டு ஆணையில் வாரிய முத்திரைகூட இருக்கும். ஆணை கையில் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்கே போய்ப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு தனியாகச் சேர்த்துத் தருகிறது. குடிசையில் இருப்பவர்களுக்காக 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி. பயனாளிகள் பட்டியல் கிராம சபைக்கு வரும். 'பட்டியலில் பெயர் சேர்க்கிறேன்' என்று ஐயாயிரம் கேட்பவர் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும், அந்தப் பட்டியலை ஊரார் முன்னால் படித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அடுத்து மனை. அது மாமியார் பெயரில் இருக்கும்வரை எந்த வங்கியும் உங்கள் கணவருக்கு மட்டும் கடன் தராது. மாமியாரையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது அவர் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு இருப்பதால் செலவு கிரயத்தைவிட மிகவும் குறைவு. எழுதிய பிறகு பட்டா மாறுதலும் செய்துவிடுங்கள். இந்தப் பத்திரத்தை மட்டும் கன்சல்டன்ட் கையில் விட வேண்டாம். வயதான பெண்மணியைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய், படித்துக் காட்டாமல் கைரேகை வைக்கச் சொல்லும் இடத்தில்தான் செட்டில்மெண்ட் பவராக மாறுகிறது. பத்திரத்தின் முதல் பக்கத்தில் தலைப்பு என்ன, யாருக்கு எழுதுகிறோம், சர்வே எண் பட்டாவோடு பொருந்துகிறதா என்று உங்கள் வீட்டில் படித்த பிள்ளை ஒன்று சத்தமாகப் படிக்கட்டும். மாமியாருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் அதைக் கேட்காது, குடும்பம் கேட்கும்.

பட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். கட்டட அனுமதிக்கு என்று தனியாக இருபதாயிரம் கேட்பவர்களும் உண்டு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் மூன்று சென்ட் சுமார் 1,300 சதுர அடிதான். உள்ளாட்சிக்குரிய கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும்.

இப்போது அந்த 18,000 ரூபாய். வங்கிகளுக்குக் கடன் பிடித்துத் தரும் முகவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கமிஷன் தருவது வங்கி. கடன் வாங்குபவர் அவர்களுக்குத் தனியாகத் தர வேண்டியது ஒன்றும் இல்லை. வங்கிக்கென்று செயல்பாட்டுக் கட்டணம், சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு. அவை வங்கியின் பெயருக்குப் போய், ரசீதோடு வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகும் பணம் எந்தப் பெயரில் கேட்கப்பட்டாலும் அது கட்டணம் இல்லை. இவர்களில் ஒரு வகையினர் ஒப்புதல் கடிதமே காட்டுவார்கள். மேலே பெரிய வங்கியின் சின்னம், நடுவில் உங்கள் பெயரும் ஆதார் எண்ணும், கீழே வட்ட முத்திரை, அதற்கும் கீழே ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. உங்கள் பன்னிரண்டு லட்சத்துக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மக்கள் அடுத்த தவணைப் பணத்தை அனுப்புகிறார்கள். முதலில் ஃபைல் சார்ஜ், பிறகு இன்சூரன்ஸ், பிறகு ஜிஎஸ்டி, பிறகு 'கடன் தொகை பிடிபட்டிருக்கிறது, விடுவிக்கக் கட்டணம்' என்று அது நீளும். ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற நினைப்பே அடுத்ததையும் கட்ட வைக்கும்.

காசோலைகளைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டால், தொகையை வேறொருவர் நிரப்பினார் என்பது தப்பிக்கும் வழியாகாது. மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கு உங்கள் கணவர் மீதுதான் வரும். வங்கிகளே சில நேரம் ஈட்டுக் காசோலை கேட்பது உண்டு. அதை வங்கியின் பெயரையும் கடன் கணக்கு எண்ணையும் எழுதிக் கிளையில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வலை இருக்கிறது. உங்கள் கணவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்றதும் 'அதெல்லாம் நான் ரெடி பண்ணிக்கொள்கிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால், உடனே விலகிவிடுங்கள். போலிச் சம்பளச் சீட்டு, போலி வருமானவரிக் கணக்கு எல்லாம் தயாரிப்பது அவர், கையெழுத்துப் போடுவது உங்கள் கணவர். பிடிபட்டால் அவர் எண் அணைந்திருக்கும், விண்ணப்பத்தில் இருக்கும் பெயருக்குத்தான் மோசடி வழக்கு. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கும் கடன் தரும் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் இருக்கின்றன. ஓராண்டு வங்கிக் கணக்கு, வேலை கொடுக்கும் பொறியாளர் அல்லது ஒப்பந்தக்காரரின் கடிதம், தொழிலாளர் நலவாரிய அட்டை, வாடகை ஒழுங்காகக் கட்டிய சான்று இவற்றை வைத்து நேரில் வந்து விசாரித்து முடிவெடுப்பார்கள். கூலியை ரொக்கமாக வாங்கிச் செலவு செய்யாமல் இன்றிலிருந்தே கணக்கில் போட்டுவருவது ஆறு மாதத்தில் பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

கடன் தொகையைப் பற்றியும் யதார்த்தமாக இருக்க வேண்டும். முப்பது லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மீதி உங்கள் கையிலிருந்து வர வேண்டும். கட்டுமானக் கடனை அடித்தளம், லிண்டல், தளம் என்று படிப்படியாகத்தான் விடுவார்கள். பன்னிரண்டு லட்சத்தை 9 சதவீதத்தில் இருபது வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 10,800 ரூபாய் தவணை. மழைக்காலத்தில் கொத்தனார் வேலை எத்தனை நாள் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். என் கருத்தில் உங்களுக்குப் பன்னிரண்டு வேண்டாம். உதவித்தொகை 2.50 லட்சம் கிடைத்தால், கணவரின் கைத்தொழிலே கட்டுமானம் என்பதால், ஆறு ஏழு லட்சம் கடனில் சிறிய வீடு எழுப்பிவிடலாம்.

எந்த நிறுவனமானாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அதைத் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும், பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிட அந்த ஒரு எண் போதும். 'வெறும் 12 சதவீதம்' என்பது நேர்வட்டியாக, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் போடும் வட்டியாக இருந்தால் ஐந்து லட்சத்துக்குப் பத்து வருடத்தில் ஆறு லட்சம் வட்டி. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது பதினெட்டரை சதவீதத்துக்குச் சமம். அவர்கள் காட்டும் இன்சூரன்ஸையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. அடைத்து முடித்த முப்பது நாளில் மூலப்பத்திரம் திரும்ப வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்தில் பார்க்கலாம்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே ஆதார், பான் நகல்களைக் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் கணவர் பெயரில் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது அதில் இருந்தால் அந்தக் கடன் நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். காசோலை கொடுத்திருந்தால் இன்றே வங்கியில் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, காவல் நிலையத்தில் புகார் மனுவும் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். இணையம் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்குத்தான் அவகாசம்.

அண்ணனுக்கு வந்த நோட்டீஸில் '13(2)' என்று இருக்கிறதா, அல்லது வெறும் வழக்கறிஞர் நோட்டீஸா, அதில் என்ன தேதி என்று பார்த்து எழுதுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள். ஆட்சேப மனுவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.